அம்மாவின் மேஜை நாற்காலியும் 500 டாலரும்

1942, சிகாகோ. ஜான் ஜான்சனுக்கு அப்போது 24 வயது. கறுப்பினத்தவர் நடத்திய ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. கறுப்பின வாசகர்களுக்கென்று ஒரு மாத இதழ் தொடங்க வேண்டும் என்று ஆசை. கையில் ஒரு நல்ல திட்டமும் இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்த சுமார் 20,000 பேருக்கும் கடிதம் போட்டு, 2 டாலர் முன்பணமாகச் சந்தா கேட்பது. தபால்தலை வாங்க மட்டும் 500 டாலர் வேண்டும். வங்கியில் கேட்டார். கறுப்பினத்தவருக்குக் கடன் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு கடன் நிறுவனம் தரச் சம்மதித்தது, ஆனால் அடமானம் கேட்டது.

ஜான்சனிடம் அடமானம் வைக்க எதுவும் இல்லை. அவருடைய அம்மாவிடம் இருந்தது, தவணை கட்டிக் கட்டி வாங்கிய மேஜை நாற்காலிகள். அம்மா உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. சில நாள் பிரார்த்தனை செய்த பிறகுதான் சம்மதித்தார். கடிதம் போனது, சுமார் 3,000 பேர் சந்தா அனுப்பினார்கள். அப்படித் தொடங்கியதுதான் ‘நீக்ரோ டைஜஸ்ட்’. 1945ல் ‘எபனி’ வந்தது. 1982ல் ஃபோர்ப்ஸ் இதழின் அமெரிக்கப் பெரும் பணக்காரர் பட்டியலில் இடம்பிடித்த முதல் கறுப்பினத்தவர் இந்த ஜான்சன்தான்.

இதை வழக்கமாக ஒரு தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் கண்ணில் படுவது அந்த மேஜை நாற்காலிகள். 6,000 டாலர் வசூலாகப் போகும் ஒரு திட்டம், 500 டாலர் கிடைக்காமல் நின்றுபோகும் நிலையில் இருந்தது. அம்மாவிடம் அந்தச் சாமான்கள் இல்லாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்படி முடிந்துபோன கதைகள் எத்தனை என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

அமெரிக்காவில் கறுப்பினத் தொழில்முனைவோருக்குப் பணமும் ஆதரவும் கிடைக்கச் செய்ய அரசு, வங்கிகள், அறக்கட்டளைகள், தனியார் நிதியங்கள் என்று பலரும் பல காலமாக ஏதேதோ செய்து பார்த்திருக்கிறார்கள். திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது படியில் நிற்பவருக்குத்தான் கை கொடுக்கின்றன. முதல் படி, அந்த 500 டாலர், வீட்டிலிருந்துதான் வர வேண்டும். சிக்கலே அங்குதான்.

வீட்டிலிருந்து எவ்வளவு வரும்? அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022ல் எடுத்த குடும்ப நிதிக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். வெள்ளையினக் குடும்பங்களை வரிசையாக நிறுத்தினால், நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களில் நடுவில் நிற்பதன் சொத்து 44,900 டாலர். ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இது மாதச் சம்பளத்தின் இடைவெளி இல்லை, சேர்ந்து கிடக்கும் சொத்தின் இடைவெளி. தொழில் தொடங்குகிறவனுக்கு அப்பா தரும் கைமாற்று, மாமா போடும் பங்கு, வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கும் கடன் எல்லாம் இந்தச் சொத்திலிருந்துதான் வர வேண்டும்.

நம் ஊரில் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அம்மாவின் வளையலையோ மனைவியின் சங்கிலியையோ வைத்து நகைக்கடன் வாங்கிவிடலாம். எத்தனை மளிகைக் கடை, எத்தனை லேத் பட்டறை அப்படித் தொடங்கியிருக்கும்! அமெரிக்காவில் சிறுதொழில் தொடங்குகிறவருக்கு அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் வீடு. அந்த வீட்டின் மதிப்பிலேயே கை வைத்துவிட்டார்கள் என்பதுதான் விஷயம்.

1930களில் வீட்டுக் கடன்களை மீட்க அமைக்கப்பட்ட ஓர் அரசு நிறுவனம், நகரம் நகரமாக வரைபடம் போட்டது. ஆபத்தில்லாத பகுதிக்குப் பச்சை, கடன் கொடுக்க ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் அநேகமாக எல்லாமே சிவப்பு. ‘ரெட்லைனிங்’ என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். 1968ல் வீட்டு வசதிச் சட்டம், 1974ல் சமவாய்ப்புக் கடன் சட்டம், 1977ல் உள்ளூர்ச் சமூகங்களில் வங்கிகள் கடன் கொடுத்தாக வேண்டும் என்கிற சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. வரைபடம் செல்லாததாயிற்று. ஆனால் விலை வித்தியாசம் போகவில்லை. 2018ல் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. வீட்டின் தரம், சுற்றுப்புற வசதி எல்லாவற்றையும் சமன் செய்து பார்த்த பிறகும், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள பகுதிகளில் வீட்டு விலை 23 சதவீதம் குறைவு. ஒரு வீட்டுக்குச் சராசரியாக 48,000 டாலர். ஒரு சின்ன உணவகம் திறக்கத் தேவைப்படும் முன்பணம் கிட்டத்தட்ட அதற்குள்தான் வரும்.

சரி, அரசு ஜாமீன் நிற்கக்கூடாதா? நிற்கிறது. 1953ல் தொடங்கிய சிறுதொழில் நிர்வாக அமைப்பு அதற்காகத்தான் இருக்கிறது. அதன் முக்கியமான 7(அ) திட்டத்தில் வங்கி கொடுக்கும் கடனுக்கு அரசு ஜாமீன். 1,50,000 டாலர் வரை 85 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கடனைக் கொடுப்பது வங்கிதான், முடிவும் வங்கியுடையதுதான். தொழிலில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சொந்த ஜாமீனும் போட வேண்டும். கடன் தவறினால் வங்கிக்கு அரசு ஈடு செய்யும், ஆனால் கடன் வாங்கியவரின் வீடு அப்போதும் ஆபத்தில்தான் இருக்கும்.

வங்கி என்ற சொல்லுக்கே கறுப்பின அமெரிக்கர்களிடம் ஒரு பழைய கசப்பு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போனால், ‘ஏன் இவர்கள் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள்’ என்ற கேள்விக்கு அரைகுறைப் பதில்தான் கிடைக்கும்.

1865 மார்ச் 3 அன்று, உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். விடுதலையான அடிமைகள் தங்கள் கூலியைச் சேமிக்க ஒரு வங்கி: ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி. சலவைத் தொழிலாளிகள், போர்வீரர்கள், கூலி விவசாயிகள் என்று சில்லறை சில்லறையாகப் போட்டார்கள். அரசே பின்னால் நிற்கிறது என்று நம்பினார்கள். உண்மையில் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. முதலில் அரசுப் பத்திரங்களில் மட்டும்தான் முதலீடு செய்யலாம் என்று விதி இருந்தது. 1870ல் அதைத் தளர்த்தினார்கள். அதன் பிறகு பணம் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் போனது, பெரிய இடத்துத் தொடர்புள்ள வெள்ளையின வணிகர்களுக்குக் கடனாகப் போனது. பணம் போட்டவர்கள் கடன் வாங்கும் இடத்தில் இல்லை. 1873ல் பொருளாதார நெருக்கடி வந்தது. 1874 மார்ச்சில், அடிமை முறைக்கு எதிராகப் போராடிய கறுப்பினத் தலைவர் ஃப்ரெடெரிக் டக்ளஸைத் தலைவராகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அவர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரைப் போட்டும் பார்த்தார். ஜூன் மாதக் கடைசியில் வங்கி மூடப்பட்டது. 61,000க்கும் மேற்பட்டவர்களின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் முடங்கியது. பலருக்கு ஒரு பகுதிதான் திரும்பி வந்தது, அதுவும் பல வருடம் அலைந்து.

சீட்டுக் கம்பெனி ஓடிப்போன ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு தலைமுறை ஏமாந்தால் அடுத்த இரண்டு தலைமுறை பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளும்.

அதற்கு அவர்களே கண்ட பதில், தங்களுக்கென்று வங்கி. 1903ல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில் மேகி லீனா வாக்கர், செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அமெரிக்காவில் வங்கி ஒன்றை நிறுவிய முதல் கறுப்பினப் பெண் அவர். பெயரிலேயே ‘பென்னி’, அதாவது காசு. துணி துவைக்கும் பெண்கள் காசுகளாகப் போட்டார்கள், அதிலிருந்து வீட்டுக் கடன் கொடுத்தார்கள். இப்படிப் பல நகரங்களில் வங்கிகள் வந்தன. அட்லான்டாவில் சிட்டிசன்ஸ் டிரஸ்ட், டர்ஹாமில் மெக்கானிக்ஸ் அண்ட் ஃபார்மர்ஸ். இவை இன்றும் இருக்கின்றன. ஆனால் கறுப்பினத்தவர் உடைமையாக உள்ள வங்கிகள் இன்று நாடு முழுக்க இருபது சொச்சம்தான். காரணம் கணக்கில் இருக்கிறது. சின்னச் சின்ன டெபாசிட், அடிக்கடி எடுக்கப்படும் டெபாசிட். அதை வைத்து நீண்ட காலக் கடன் கொடுக்க முடியாது. ஏழைகள் சேர்த்து வைக்கும் இடத்தில் பணமும் ஏழையாகத்தான் இருக்கும். மொத்த பாரத்தையும் இந்த வங்கிகளின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். 2020ல் நெட்ஃபிளிக்ஸ் தன் ரொக்கக் கையிருப்பில் 2 சதவீதத்தை, 10 கோடி டாலர் வரை, இப்படிப்பட்ட நிதி நிறுவனங்களில் போடுவதாக அறிவித்தது. ஒரு நிறுவனத்தின் ஓரத்து ரொக்கம் இந்த வங்கிகளுக்குப் பெரிய செய்தி என்றால், அவை எவ்வளவு சிறியவை என்று புரிந்துகொள்ளலாம்.

இன்றைய வங்கிக் கவுன்டரில் என்ன நடக்கிறது? யாரும் முகத்துக்கு நேராக ‘உனக்குக் கடன் இல்லை’ என்று சொல்வதில்லை. ஆய்வாளர்கள் சிலர், ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரித் தொழில் விவரம் கொடுத்து, வெள்ளையினத்தவரையும் மற்றவர்களையும் தனித்தனியாக வங்கிகளுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். கறுப்பின ‘வாடிக்கையாளரிடம்’ கூடுதல் கணக்கு வழக்கு கேட்டார்கள், அவருக்குச் சொன்ன தகவலோ குறைவு. அவர் வெளியே வரும்போது மறுப்புக் கடிதம் எதுவும் கையில் இருக்காது. திரும்பப் போக மனம் இருக்காது, அவ்வளவுதான்.

இதை நிரூபிக்க நினைத்தால் ஒரு விசித்திரமான முட்டுக்கட்டை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிப்பவரின் இனத்தை வங்கி பதிவு செய்தாக வேண்டும். தொழில் கடனில் அதைக் கேட்கவே கூடாது என்பது பொது விதி. பாகுபாட்டைத் தடுக்க வந்த விதிதான். ஆனால் கேட்கக்கூடாது என்றால் எண்ணவும் முடியாது. 2010ல் வந்த நிதிச் சீர்திருத்தச் சட்டத்தின் 1071ஆம் பிரிவு, இந்தத் தகவலைத் திரட்டச் சொன்னது. அதற்கான விதிகள் இறுதியானது 2023ல். பதின்மூன்று வருடம்! அதன் பிறகும் வழக்கு, தள்ளிவைப்பு என்று இழுபடுகிறது.

வங்கியோடு உறவே இல்லாத இந்த நிலையைக் கொரோனா காலம் பளிச்சென்று காட்டியது. 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் தொழிலில் இருந்த கறுப்பின உரிமையாளர்களின் எண்ணிக்கை 41 சதவீதம் சரிந்தது. வெள்ளையினத்தவரில் சரிவு 17 சதவீதம். சம்பளம் கொடுக்க அரசு ஒதுக்கிய 34,900 கோடி டாலர் 13 நாளில் தீர்ந்தது. கொடுத்தது வங்கிகள் வழியாக. வங்கி மேலாளரைத் தெரிந்தவர் முதலில் வாங்கிக்கொண்டார். கறுப்பினத்தவரின் தொழில்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சம்பளத்துக்கு ஆளே இல்லாத ஒற்றை ஆள் தொழில்கள். அவர்களுக்கு மேலாளரைத் தெரிந்திருக்க வழியில்லை. பின்னர் வந்த ஆய்வு ஒன்று ஒரு சுவாரசியமான விஷயத்தைக் கண்டது. விண்ணப்பத்தை மனிதர் பார்க்காமல் கணினியே பரிசீலித்த இடங்களில் கறுப்பினத்தவருக்குக் கடன் கிடைத்த விகிதம் கூடியது. (அப்படிக் கடன் கொடுத்த இணையவழி நிறுவனங்கள் சிலவற்றில் மோசடியும் நிறைய நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

வங்கி கைவிட்டவருக்கு வேறு கதவுகள் திறந்தே இருக்கும். கடையின் கார்டு மெஷினில் நாளை வரப்போகும் வசூலை இன்றே ‘வாங்கிக்கொண்டு’ ரொக்கம் கொடுக்கும் நிறுவனங்கள் அங்கே ஏராளம். தினமும் கணக்கிலிருந்து தானாகப் பணம் கழியும். வருட வட்டியாகக் கணக்குப் போட்டால் சில சமயம் நூறு சதவீதத்தைத் தாண்டும். நம் ஊர் மீட்டர் வட்டிக்குக் கோட்டு சூட்டு போட்டுவிட்டது மாதிரி. கடன் என்றே பெயர் இல்லாததால் வட்டிச் சட்டங்களிலிருந்தும் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

அப்படியானால் உருப்படியாக வேலை செய்தது எது? இரண்டைச் சொல்வேன்.

ஒன்று, 1994ல் கிளின்டன் காலத்துச் சட்டம் ஒன்றால் வலுப்பெற்ற சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்கள். லாப நோக்கமில்லாத கடன் நிதியம், கூட்டுறவுக் கடன் சங்கம், சிறு வங்கி என்று பல வடிவம். அரசு கொஞ்சம் கொடுக்கும், பெரிய வங்கிகள் 1977 சட்டத்தின் கடமைக்காகக் கொஞ்சம் போடும், அறக்கட்டளைகள் மீதியை. இவர்கள் கிரெடிட் ஸ்கோரை மட்டும் பார்ப்பதில்லை. கடைக்கு வந்து பார்ப்பார்கள், கல்லாவில் என்ன புழங்குகிறது என்று பார்ப்பார்கள், கணக்கு எழுதவே தெரியாது என்றால் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரத்தில் இயங்கும் ஹோப் கூட்டுறவுக் கடன் சங்கம், பெரிய வங்கிகள் கிளையை மூடிவிட்டுப் போன ஊர்களில் போய்த் திறக்கிறது. சிறுதொழில் நிர்வாகத்தின் 50,000 டாலருக்கு உட்பட்ட குறுங்கடன்களும் இப்படிப்பட்ட அமைப்புகள் வழியாகத்தான் போகின்றன. குறை என்னவென்றால் செலவு. 10,000 டாலர் கடனுக்கும் 10 லட்சம் டாலர் கடனுக்கும் ஆகும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். யாராவது மானியம் கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் இது ஓடும்.

இன்னொன்று கடனே இல்லை. ஆர்டர். 1973ல் அட்லான்டா மேயர் தேர்தலில் மேனார்ட் ஜாக்சன் வென்றார். தெற்கின் பெரிய நகரம் ஒன்றுக்குக் கறுப்பின மேயர் வந்தது அதுவே முதல் தடவை. நகராட்சி ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குப் போனது அப்போது ஒரு சதவீதம்கூட இல்லை. விமான நிலையத்துக்குப் புது முனையம் கட்டும் வேலை காத்திருந்தது. அதில் 25 சதவீதம் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வேலையே தொடங்காது என்று நின்றார். பெரிய கான்ட்ராக்டர்கள், வணிகர்கள், பத்திரிகைகள் எல்லாம் எதிர்த்தார்கள். அனுபவமில்லாதவர்களிடம் கொடுத்தால் விமான நிலையம் எழும்பாது என்றார்கள். அவர் அசையவில்லை. பெரிய நிறுவனமும் சிறிய நிறுவனமும் கூட்டாக டெண்டர் போடட்டும் என்று வழியும் சொன்னார். 1980 செப்டம்பரில் முனையம் திறந்தது, குறித்த நாளில், குறித்த செலவுக்குள்.

இதை முழுவதும் புகழவும் முடியாது. பலன் பெரும்பகுதி ஏற்கெனவே காலூன்றியவர்களுக்கும் செல்வாக்கு உள்ளவர்களுக்கும் போனது, சில இடத்தில் பெயரை மட்டும் கடன் கொடுத்த ‘முன்னால் நிறுத்திய’ கம்பெனிகளும் இருந்தன என்ற புகார்கள் உண்டு. இட ஒதுக்கீடு உள்ள எந்த டெண்டரிலும் நாமும் பார்த்ததுதான். ஆனாலும், நகராட்சியின் ஒப்பந்தக் காகிதம் கையில் இருப்பவரை வங்கி உட்கார வைத்துப் பேசும். அடமானம் இல்லாத குறையை அந்தக் காகிதம் ஈடுகட்டும். அட்லான்டாவில் ஒரு கறுப்பின வணிக வர்க்கம் உருவானதில் அந்த முனையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று அந்த விமான நிலையத்தின் பெயரிலேயே ஜாக்சன் இருக்கிறார்.

மற்ற நகரங்களும் பின்பற்றின. அப்புறம் வழக்குகள் தொடங்கின. 1989ல் ரிச்மண்ட் நகராட்சியின் 30 சதவீத ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மேகி வாக்கர் வங்கி தொடங்கிய அதே ரிச்மண்ட். நகர மக்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஐந்து வருடத்துக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குப் போனது 0.67 சதவீதம். அந்த எண் மட்டும் பாகுபாட்டுக்குச் சான்றாகாது என்றது நீதிமன்றம். அன்றிலிருந்து, ஒதுக்கீடு வேண்டுமென்றால் முதலில் பெரிய செலவில் ஏற்றத்தாழ்வு ஆய்வு நடத்தி அறிக்கை வாங்க வேண்டும் என்றாயிற்று. அதற்கென்றே ஆலோசனை நிறுவனங்கள் முளைத்தன.

புது நிறுவனங்களில் பங்கு வாங்கிப் பணம் போடும் துணிகர முதலீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, கறுப்பின நிறுவனர்களுக்குப் பணம் ஒதுக்குவதாக வரிசையாக அறிவிப்புகள் வந்தன. 2021ல் தொகை ஏறியது. 2023ல், முதலீட்டு விவரங்களைத் திரட்டும் கிரஞ்ச்பேஸ் நிறுவனத்தின் கணக்குப்படி, அமெரிக்கத் துணிகர முதலீட்டில் கறுப்பின நிறுவனர்களுக்குப் போனது அரை சதவீதத்துக்கும் கீழே. கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் 13, 14 சதவீதம்.

அதே 2023 கோடையில்தான் சட்டக் காற்றும் திசை மாறியது. ஜூனில் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆகஸ்டில் அட்லான்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் மீது வழக்கு. கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களுக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்து வந்த சின்ன நிதியம் அது. எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு என்பதைக் கவனியுங்கள்: 1866ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம். விடுதலையான அடிமைகளும் வெள்ளையினத்தவரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று சொல்ல வந்த சட்டம். ஒப்பந்தத்தில் இனம் பார்க்கக்கூடாது என்றால் இந்த மானியமும் கூடாது என்று வாதிட்டார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2க்கு 1 என்று அதை ஏற்று மானியத்தை நிறுத்தியது. செப்டம்பரில் சமரசம், மானியத் திட்டம் மூடப்பட்டது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அந்தச் சட்டம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் ஏற்கவும் முடியவில்லை.

அரசுத் திட்டங்களும் தப்பவில்லை. கூட்டாட்சி ஒப்பந்தங்களில் சலுகை தரும் 8(அ) திட்டத்தில், கறுப்பினத்தவர் உள்ளிட்ட சில பிரிவினர் சமூகரீதியாகப் பின்தள்ளப்பட்டவர்கள் என்று அனுமானித்துக்கொண்டிருந்தார்கள். 1980களின் தொடக்கத்திலிருந்து இந்தியா, இலங்கை உள்ளிட்ட துணைக்கண்டத்து வம்சாவளியினரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அமெரிக்காவில் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் நடத்தும் நம்மவர் பலருக்கு இந்த எண்ணும் எழுத்தும் நன்றாகவே தெரியும். 2023 ஜூலையில் டென்னஸி நீதிமன்றம் அந்த அனுமானத்தை நிறுத்தியது. அதன் பிறகு ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தனக்கு நேர்ந்த பாகுபாட்டை, எந்தச் சம்பவம், எப்போது, அதனால் தொழிலில் என்ன இழப்பு என்று கட்டுரையாக எழுதித் தர வேண்டும் என்றாயிற்று. கடன் கேட்டு வெளியே வந்தவருக்கு மறுப்புக் கடிதமே தராத கவுன்டரைப் பற்றி என்னவென்று எழுதுவது?

1969 மார்ச் 5 அன்று நிக்சன் உத்தரவால் பிறந்தது சிறுபான்மையினர் தொழில் வளர்ச்சி அலுவலகம். சரியாக 55 வருடம் கழித்து, 2024 மார்ச் 5 அன்று, அதன் ஆலோசனை மையங்கள் இன அடிப்படையில் அனுமானம் செய்வது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று டெக்சாஸ் நீதிபதி தீர்ப்பளித்தார். தற்செயல்தான். 2025 மார்ச்சில் டிரம்ப் போட்ட உத்தரவு, அந்த அமைப்பைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுருக்கச் சொன்னது. சமூக வளர்ச்சி நிதி நிறுவனங்களுக்குப் பணம் தரும் அரசு நிதியமும் அதே உத்தரவின் பட்டியலில் இருந்தது.

இனத்தின் பெயரை எழுதிக் கொடுக்கும் உதவி சட்டப்படி ஆபத்தாகிவிட்டதால், எழுத்தை மாற்றுகிறார்கள். ‘கறுப்பினத்தவருக்கு’ என்ற இடத்தில் ‘வளம் குறைந்த பகுதியினருக்கு’. மூன்று பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தொழில், முதல் தடவை கடன் கேட்பவர், குறைந்த வருமானம் உள்ள பகுதியில் கடை என்று வரையறுக்கிறார்கள். இதில் நன்மையும் உண்டு, அதே தெருவில் திணறும் மற்றவர்களுக்கும் கிடைக்கும். விண்ணப்பத்தில் இனம் கேட்கும் கட்டம் போய் அஞ்சல் குறியீட்டுக் கட்டம் முக்கியமாகியிருக்கிறது. அந்தக் குறியீடுகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால், 1930களில் சிவப்பு மை பூசிய தெருக்களில் பலவற்றுக்கு மறுபடியும் வந்து சேரலாம்.